நடிகர் எழில்மாறன், கிணற்றடித் தெரு

விழுப்புரத்தில் விருத்தாசலம் என்று பெயர் வைத்துக்கொண்டு வாழ்வது லேசான காரியமில்லை. ஜங்ஷனில் நின்று யாராவது அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் பத்துப் பேர் மூட்டையைத் தூக்கிக்கொண்டு எந்தப் பிளாட்பாரம் என்று கேட்பார்கள். அப்பாவும் அம்மாவும் வேண்டிக்கொண்டு வைத்த பெயர், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் சினிமாவில் நடிக்கப் போகிறவனுக்கு அது ஆகாது என்று அவனே தீர்மானம் செய்துவிட்டான்.

தொழில் என்று பார்த்தால் அவன் தேகப்பயிற்சி வாத்தியார். அரிசி மில்லுக்குப் பின்னால் நீளமான ஓட்டுக் கொட்டகை. உள்ளே மண்ணைக் கொத்திப் பரப்பிய தரை, ஒரு சுவர் முழுக்க நிலைக்கண்ணாடி, மூலையில் கர்லாக்கட்டைகள், ரயில்வே இரும்பில் அடித்த எடைக் குண்டுகள். விடிவதற்கு முன்னால் லோகோ ஷெட்டு ஆட்களும் மண்டிக்காரர் வீட்டுப் பிள்ளைகளும் வந்துவிடுவார்கள். அவர்கள் பஸ்கி போடுவார்கள், தண்டால் எடுப்பார்கள். இவன் எதிரில் நின்று ஒன்று, இரண்டு என்று எண்ணுவான். பதினைந்து வருஷமாக எண்ணி எண்ணியே அவன் தொண்டை கட்டிப்போயிருந்தது. மற்றபடி உடம்பைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். தோள் ஒரு பக்கம் திரும்பினால் வாசல் அடைபடும். அவன் மனைவி அம்சவள்ளி தினமும் ஒரு படி வேர்க்கடலையை, அந்த ஊர்ப் பேச்சில் மல்லாட்டையை, ஊற வைத்து, கேப்பைக் கஞ்சியும் காய்ச்சி அந்த உடம்பைக் காப்பாற்றி வந்தாள்.

மாதத்தில் இரண்டு மூன்று நாள் கொட்டகையை மூத்த பிள்ளைகளிடம் விட்டுவிட்டு எழும்பூருக்கு ரயில் ஏறுவான். அங்கிருந்து கோடம்பாக்கம். ஏழு வருஷத்தில் அவன் விழாத இடமில்லை. மாடிப்படியில் விழுந்தான், குதிரை மேலிருந்து விழுந்தான், செட்டுப் போட்ட கப்பலிலிருந்து தண்ணீர்த் தொட்டியில் விழுந்தான். நாயகன் குத்துவிட்டால் பறந்து போய் விழ வேண்டும், அவ்வளவுதான் வேலை. விழாத நாட்களில், "பயில்வான், கையக் கட்டிக்கினு அப்பிடி ஓரமா நில்லு" என்பார்கள். நிற்பான். ஒரு படத்திலும் வாயைத் திறக்கவிட்டதில்லை. பக்கத்தில் நிற்கிற சோனி ஆள் "ஆகட்டும் எஜமான்" என்று சொல்லிவிட்டுப் போவான், இவன் பார்த்துக்கொண்டு நிற்பான். முதல் இரண்டு வருஷம் அழுகையாக வந்தது. அப்புறம் கோபமாக வந்தது. அதற்கப்புறம் ஒன்றும் வரவில்லை. அடிபட்ட இடம் மரத்துப்போவதில்லையா, அந்த மாதிரி. ரயில் ஏறினான், விழுந்தான், திரும்பி வந்தான். அதை நிறுத்தவும் தோன்றவில்லை.

ஒரே ஒரு தடவை வாய் தவறி ஊரில் சொல்லி மாட்டிக்கொண்டான். ஐம்பத்தேழில் ஒரு படத்தில் தளபதிக்குப் பக்கத்தில் நிற்கிறேன், முகம் நன்றாகத் தெரியும் என்று சொல்லிக் கொட்டகை ஆட்கள் அத்தனை பேரையும் தியேட்டருக்கு அழைத்துக்கொண்டு போனான். படத்தில் தளபதி இருந்தான், அவன் பக்கத்தில் இவன் முதுகு இருந்தது. மறுநாளிலிருந்து ஒரு மாதம் ஊர் அவனை விடவில்லை. "வாத்தியாரு முதுகு இன்னாமா நடிச்சிருக்குது!" என்று டீக்கடையில் ஒருத்தன், "முதுகுக்கு அடுத்த படம் எப்போ?" என்று மண்டியில் ஒருத்தன். எல்லாருக்கும் முன்னால் நின்றவன் போஸ்ட்மேன் பெரியதம்பி. அவனும் காலையில் தண்டால் எடுக்கிறவன்தான், நல்ல பிள்ளை, ஆனால் வாய் நிற்காது. கடிதத்தோடு சேர்த்து ஊர்வம்பையும் வீடு வீடாகக் கொடுத்துவிட்டுப் போவான். அன்றைக்கே விருத்தாசலம் முடிவு செய்தான்: இனிமேல் திரையில் முகமும் குரலும் வந்த பிறகுதான் மூச்சு விடுவது. அம்சவள்ளியிடம்கூட.

அறுபதாம் வருஷம் மாசி மாதம் ஒரு சினிமாக் கம்பெனி செஞ்சிக் கோட்டையில் படம் பிடிக்க வந்தது. பெரிய மனிதர்கள் திண்டிவனத்தில் பயணியர் பங்களாவில் தங்கினார்கள். கதாநாயகனுக்கு நாற்பது வயது தாண்டியிருந்தது. கதைப்படி அவர் ராஜகுமாரியைத் தூக்கிக்கொண்டு கோட்டைப் படி ஏற வேண்டும். அவருக்கோ வேட்டியை மாற்றிக் கட்டினாலே மூச்சு வாங்கியது. அவரை இருபது நாளைக்குள் படி ஏற வைக்க ஒரு வாத்தியார் வேண்டும் என்று தேடிக்கொண்டு விழுப்புரம் வந்தவர் கம்பெனி மேனேஜர் சிக்கந்தர் பாட்சா. கோட்டக்குப்பத்துக்காரர், கறாரான மனிதர், வெற்றிலை போட்ட வாய்.

"ஜல்தியா ஆளத் தேத்திக் குடுங்க வாத்தியாரே. பேஜாரு புடிச்ச வேலதான். ஆனா உங்களயும் சும்மா விட மாட்டேன்" என்றார்.

"எனக்கு வேற ஒண்ணும் வேணாம் பாய். ஒரு வசனம் குடுங்க."

பாட்சா அவனை மேலும் கீழும் பார்த்தார். கோட்டைக் காவல் தலைவன் வேஷத்துக்கு ஆள் இன்னும் அமையவில்லை என்பது அவருக்கு ஞாபகம் வந்தது. டைரக்டரிடம் கேட்டுச் சொல்கிறேன் என்று போனார். மறுநாளே சரி என்று ஆள் விட்டார்.

இருபது நாள் விருத்தாசலம் திண்டிவனத்தில் கிடந்தான். நாயகன் காலை எட்டு மணிக்கு எழுந்து, நாற்காலியில் உட்கார்ந்தபடியே செய்கிற பயிற்சி ஏதாவது உண்டா என்று கேட்பார். இருக்கிறது என்பான். பல்லைக் கடித்துக்கொண்டு அந்த உடம்பை மைலம் ரோட்டில் நடக்க வைத்து, பிறகு ஓட வைத்து, பங்களாப் படிகளில் அரிசி மூட்டையோடு ஏற வைத்து, கடைசியில் ராஜகுமாரியைத் தூக்கிக்கொண்டு பதினாறு படி ஏறவும் வைத்துவிட்டான். அதற்குமேல் வேண்டியதில்லை, மிச்சத்தைக் கேமரா பார்த்துக்கொள்ளும் என்றார்கள்.

அவனுடைய வசனம் இது: "கோட்டைக் கதவு திறக்காது மன்னா! என் உயிர் போனாலும் திறக்காது!" பொழுது சாயும் நேரத்தில் மல்லாட்டைக் கொல்லைகளுக்கு நடுவே நின்று அதை நூறு தடவை, இருநூறு தடவை சொல்லிப் பார்ப்பான். அதிமதுரத்தை வாயில் அடக்கிக்கொண்டு சொல்வான். அந்த இருபது நாளில் அவனுக்கு ஆசை வந்துவிட்டது. வேண்டாம், வேண்டாம் என்று நெஞ்சை அமுக்கிப் பார்த்தான், கேட்கவில்லை. ஏழு வருஷத்துக்குப் பிறகு வந்த ஆசை, அவனைப் படுத்தி எடுத்தது.

காட்சியை எடுத்த அன்று கோட்டையில் காற்று பிய்த்துக்கொண்டு போயிற்று. ஒரே தடவையில் ஓகே ஆனது. டைரக்டர் முதுகில் தட்டிக்கொடுத்தார். பாட்சா மட்டும் அருகில் வந்து, "இங்க புடிச்ச சத்தம் உதவாது வாத்தியாரே, ஒரே காத்து. அப்பால மெட்ராஸ்ல ரூமுக்குள்ள நிக்க வெச்சுக் குரலத் தனியா எடுப்போம். லெட்டர் போடறேன், வந்து சொல்லிக் குடுத்துட்டுப் போயிடுங்க. அதுக்கு முன்னால ஆபீசுப் பக்கம் தலயக் காட்டாதீங்க, சான்சு கேட்டு வர்றவனக் கண்டாலே மொதலாளிக்கு ஆவாது" என்றார். பிறகு நோட்டைப் பிரித்தார். "டைட்டில்ல போடணும். பேரு?"

அந்த வருஷங்களில் பேரை மாற்றிக்கொள்ளாதவனைத்தான் தேட வேண்டியிருந்தது. நேற்றுவரை கோவிந்தசாமியாக இருந்தவன் இன்றைக்கு மேடையில் வேறு ஆளாக நிற்பான். விருத்தாசலமும் மூன்று வருஷமாக ஒரு பெயரை மனசுக்குள் வைத்துப் பூட்டியிருந்தான். அதை முதல் தடவையாக வெளியே எடுத்தான்.

"எழில்மாறன்."

"நல்லாகீது. விலாசம்? தேகப்பயிற்சி வாத்தியார்னு போட்டுக்கவா?"

"வேணாம் பாய். நடிகர்னு போடுங்க. நடிகர் எழில்மாறன், கிணற்றடித் தெரு, விழுப்புரம்."

பாட்சா அப்படியே எழுதிக்கொண்டார். எழுதுகிற கையையே இவன் பார்த்துக்கொண்டிருந்தான். வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷம் அவனுக்கு அதற்கு முன்னால் வந்ததில்லை.

ஊருக்குத் திரும்பியதும், அந்தப் பேரில் வருகிற கடிதம் தனக்குத்தான் என்று பெரியதம்பியிடம் ஒரு வார்த்தை சொல்லி வைக்க வேண்டும் என்பது அவனுக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்துதான் இருந்தது. ஆனால் பெரியதம்பியிடம் சொல்வதும் தண்டோரா போடுவதும் ஒன்று. பேரைச் சொன்னால் எதற்கு என்று கேட்பான், எதற்கு என்று சொன்னால் பொழுது சாய்வதற்குள் மண்டியில் முதுகுக்குப் பேர் வைத்திருக்கிறார்கள் என்று சிரிப்பார்கள். நாளைக்குச் சொல்லலாம் என்று தள்ளினான். வெள்ளிக்கிழமை சொல்லலாம் என்று தள்ளினான். அதற்குப் பதிலாகத் தினமும் தண்டால் முடிந்ததும் ஒன்றும் தெரியாதவன் மாதிரி கேட்பான்.

"இன்னா பெரியதம்பி, எனக்கு எதுனா லெட்டரு வந்துச்சா?"

"உங்க பேருக்கு ஒண்ணும் இல்ல வாத்தியாரே."

சித்திரை போயிற்று, வைகாசி போயிற்று. ஆடி மாதம் திண்டிவனத்தில் ஒரு பள்ளிக்கூடத்து விழாவுக்கு, பிள்ளைகள் தோள் மேல் தோள் ஏறிக் கோபுரம் கட்டப் பழக்க வேண்டும் என்று கூப்பிட்டார்கள். ஒரு வாரம் அங்கேயே தங்கிப் பழக்கிவிட்டு வந்தான். வந்தும் கேட்டான். இல்லை என்றான் பெரியதம்பி. புரட்டாசிக்குப் பிறகு கேட்பதை நிறுத்திவிட்டான். ஆசை போன இடத்தில் பழையபடி அந்த மரத்த தன்மை வந்து உட்கார்ந்துகொண்டது. சொல்லப்போனால் அது நிம்மதியாகக்கூட இருந்தது. பிள்ளைகள் தண்டால் எடுத்தார்கள், இவன் எண்ணினான். எழும்பூர் ரயிலையும் விட்டுவிட்டான்.

அடுத்த வருஷம் தமிழ் வருஷப் பிறப்புக்கு விழுப்புரத்தில் படம் வந்தது. சுவரொட்டியைப் பார்த்ததும் நெஞ்சு படபடக்கவில்லை. குரல் எடுக்காத காட்சியை வெட்டித்தான் எறிந்திருப்பார்கள், இருந்தாலும் பார்த்துவிடலாம் என்று நினைத்தான். ஞாயிற்றுக்கிழமை மேட்னிக்கு அம்சவள்ளியை அழைத்துக்கொண்டு கிளம்பினான். வழியில் கொட்டகை ஆட்கள் நாலு பேர் ஒட்டிக்கொண்டார்கள், பெரியதம்பியும்தான். அம்சவள்ளி பெண்கள் பக்கம் போய்க் குட்டைச் சுவரை ஒட்டி உட்கார்ந்தாள். சுவருக்கு இந்தப் பக்கம் இவர்கள்.

அப்போதெல்லாம் எழுத்துப் போடும்போது படிக்கத் தெரிந்தவன் உரக்கப் படிப்பது வழக்கம். நாலு பேருக்கு உதவியாக இருக்கும், படிக்கிறவனுக்கும் ஒரு கௌரவம். பெரியதம்பி தொழில்முறையில் பேர் படிக்கிறவன், விடுவானா? கதை வசனம், ஒளிப்பதிவு என்று கணீரென்று படித்துக்கொண்டே வந்தான். நடிக நடிகையர் பட்டியலில் கடைசி வரிக்கு வந்ததும் நின்றான்.

"மற்றும்... எழில்மாறன். அட! இந்த ஆளுதானா!"

விருத்தாசலத்தின் பக்கம் திரும்பினான்.

"வாத்தியாரே, போன ஆடியில இந்த ஆளுக்கு லெட்டரு வந்துச்சு, நம்ம கிணத்தடித் தெரு விலாசத்துல. மெட்ராஸ் சினிமாக் கம்பெனி கவரு. நாலு நாளு கையில வெச்சிக்கினு தெருத்தெருவா அலஞ்சேன். ஒருத்தருக்கும் தெரியல. திருப்பி அனுப்பிட்டேன்." சுவருக்கு மேலே எம்பினான். "அம்சவள்ளிக்கா, உங்களாண்டகூட வந்து கேட்டேனே, ஞாபகம் இருக்குதா?"

"ஆமா கேட்ட. நான்தான் இல்லேன்னு சொன்னேன்" என்று அந்தப் பக்கத்திலிருந்து அவள் குரல் வந்தது. "நீ படத்தப் பாரு."

அந்த நாலு நாளும் இவன் திண்டிவனத்தில் பிள்ளைகளைத் தோள் மேல் ஏற்றிக்கொண்டிருந்தான். பெரியதம்பி காலையில் கொட்டகைக்கு வந்து, கடிதப் பையை ஆணியில் மாட்டிவிட்டுத் தண்டால் எடுத்திருப்பான். அதெல்லாம் இப்போது ஒன்றன்பின் ஒன்றாகப் புரிந்தது. புரிந்ததே தவிர வலிக்கவில்லை. யாருக்கோ நடந்ததைக் கேட்பது போல உட்கார்ந்திருந்தான்.

இடைவேளைக்கு அப்புறம் கோட்டை வந்தது. காட்சியை வெட்டவில்லை. கோட்டை வாசலில் காலை அகட்டி, வேல்கம்பை ஊன்றிக்கொண்டு அவன் நின்றான். திரை முழுக்க அவன் முகம். தியேட்டரில் விசில் பறந்தது. "டேய், நம்ம வாத்தியாருடா!" என்று கொட்டகை ஆட்கள் பெஞ்சின் மேல் ஏறினார்கள். திரையில் அவன் வாயைத் திறந்தான்.

"கோட்டைக் கதவு திறக்காது மன்னா! என் உயிர் போனாலும் திறக்காது!"

வாய் அவனுடையது. குரல் யாருடையதோ. அடிவயிற்றிலிருந்து எழும்பி வந்த குரல், ழகரமெல்லாம் சுத்தமாக இருந்தது. நல்ல குரல், அதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். இவன் கட்டைத் தொண்டையால் ஆயிரம் தடவை சொன்னாலும் இப்படி வந்திருக்காது. உடனே நாயகன் ஒரு குத்து விட்டார், இவன் பறந்து போய் விழுந்தான். அவ்வளவுதான்.

"குரலு இன்னாமா கீது வாத்தியாரே! எங்கள எண்ணிக்கினே இந்தக் குரல எங்க ஒளிச்சி வெச்சிருந்தீங்க?" என்று பெரியதம்பி கட்டிக்கொண்டான். அவன் கண்ணில் நிஜமாகவே தண்ணீர் நின்றது. டைட்டிலில் தன் வாத்தியார் பேரைப் போடாமல் விட்டுவிட்டார்கள் என்று கம்பெனிக்காரனைத் திட்டவும் செய்தான். விருத்தாசலம் சிரித்து வைத்தான்.

வெளியே வெயில் இன்னும் இறங்கவில்லை. வருகிற வழியெல்லாம் ஆட்கள் நிறுத்திக் கைகொடுத்தார்கள். முதுகு என்று யாரும் சொல்லவில்லை. அம்சவள்ளி மட்டும் பத்தடி தள்ளிப் பின்னால் நடந்து வந்தாள். வீட்டுக்கு வந்ததும் அவன் பின்கட்டில் கைகால் கழுவிக்கொண்டிருந்தான். அவள் துண்டோடு வந்து நின்றாள், துண்டைக் கொடுக்கவில்லை.

"அது உங்க குரலு இல்ல" என்றாள்.

"இல்ல."

"பெரியதம்பி ஒரு பேரு படிச்சானே. அது நீங்கதானா?"

"ஆமா."

அவள் அப்படியே துவைக்கிற கல்லின் மேல் உட்கார்ந்தாள்.

"என்னாண்டகூட சொல்லலியே."

"படத்துல வந்தப்பறம் சொல்லலாம்னு இருந்தேன்."

"அன்னிக்கி வாசல்ல மல்லாட்டை உரிச்சிக்கினு இருந்தேன். வந்து கேட்டான். நீட்டுக் கவரு, கனமா இருந்துச்சு. நான் சிரிச்சேன். அந்தப் பேரச் சொல்லி, அப்பிடி ஒருத்தன் இந்தத் தெருவுல இல்லப்பா, இருந்தா எனக்குத் தெரியாதான்னு சொன்னேன். நீங்க வந்தப்பறம் சொல்லணும்னுகூடத் தோணல. யாரோ ஊர் பேர் தெரியாதவனுக்கு வந்தது, நமக்கு இன்னான்னு வுட்டுட்டேன்." மூக்கை உறிஞ்சினாள். "பதினோரு வருஷமா உங்க பேர வாயால சொன்னதில்ல. ஆஸ்பத்திரியில கேட்டாக்கூடப் பக்கத்துல நிக்கறவங்கள விட்டுத்தான் சொல்லச் சொல்லுவேன். மொத மொத சொன்னேன், இல்லேன்னு சொல்லி அனுப்ப."

அவன் தண்ணீர் சொட்டச் சொட்ட நின்றான். கடிதம் போனதோ, குரல் போனதோ அவனுக்குள் எங்கும் போய்த் தொடவில்லை. இது தொட்டது. பாட்சா அந்தப் பேரை எழுதினார், பெரியதம்பி படித்தான். இந்தப் பூமியில் அவனுக்கு வேண்டியவர்களில் அதை வாய் நிறையச் சொன்னது இவள் ஒருத்திதான். அதையும் அவன் கேட்கவில்லை.

"எப்பிடிச் சொன்ன?" என்றான். "ஒரு வாட்டி சொல்லு அம்சா. கேட்டுக்கறேன்."

அவள் நிமிர்ந்து அவன் முகத்தைப் பார்த்தாள். அவன் விளையாடவில்லை என்று தெரிந்தது. பின்கட்டில் வேறு யாரும் இல்லையா என்று ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டு, சொல்லிவிட வேண்டும் என்றுதான் வாயைத் திறந்தாள். முதல் எழுத்தே வரவில்லை. மறுபடியும் முயன்றாள். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, முடியாது என்று தலையை ஆட்டினாள். இப்போது அது புருஷன் பேர் ஆகிவிட்டது.